பைபாஸுக்கு ஏழு ஆண்டு கழித்துத் திரும்பிய எடை: ஒரு நிகழ்வு ஆய்வு

உடல் பருமனுக்காக, வயிற்றைச் சிறு பையாக்கிச் சிறுகுடலோடு நேராக இணைக்கும் கேஸ்ட்ரிக் பைபாஸ் அறுவை செய்துகொண்டு ஏழு ஆண்டு ஆன 44 வயதுப் பெண் அவர். வந்து உட்கார்ந்ததுமே கேட்டார்: "திரும்ப ஆபரேஷன் பண்ணணுமா, இல்லை அந்த வாராந்திர ஊசி போட்டாலே போதுமா டாக்டர்?" இந்த இரண்டைத் தவிர வேறு வழி இருக்கும் என்று அவர் நினைக்கவில்லை. கடைசியில் அவருக்கு அந்த ஊசிதான், பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாக்ளூடைடைத்தான், கொடுத்தோம். ஆனால் அந்த ஊசி பயன்பட்டதற்குப் பாதிக் காரணம், அதைத் தொடங்கும் முன் சில வாரங்கள் காத்திருந்து செய்த வேலை. மீதியில் பெரும்பங்கு, மருந்தின் அளவை எங்கே நிறுத்தினோம் என்பது. அந்த இரண்டையும் விரிவாகச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஒன்று. இது ஒரே ஒரு நோயாளியின் கோப்பு அல்ல. ஒரே மாதிரிப் பிரச்சினையோடு வருகிறவர்களின் விவரங்களைக் கலந்து, யாரென்று தெரியாதபடி மாற்றி, ஒரு ஆளாக எழுதியிருக்கிறேன். அவருக்குரிய எடைகளும் பரிசோதனை எண்களும் அந்தக் கலவைக்குப் பொருந்தும்படி வைத்தவை. வெளியான ஆய்வுகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் உள்ள எண்கள் அந்த ஆய்வுகளுடையவை.

எடையின் வரலாறு

உயரம் 162 செ.மீ. அறுவை சிகிச்சைக்கு முன் எடை 124 கிலோ, பிஎம்ஐ (உயரத்தை வைத்து எடையை மதிப்பிடும் எண்) 47. சர்க்கரை நோய்க்கு இரண்டு மாத்திரை, இரத்த அழுத்தத்துக்கு ஒன்று. பதினெட்டாவது மாதத்தில் எடை 78 கிலோவுக்கு வந்தது. அதுதான் அவர் தொட்ட மிகக் குறைந்த எடை. சர்க்கரை மாத்திரைகள் அதற்குள் நின்றுவிட்டன. நான்காம் ஆண்டு முடிவில் 83 கிலோ. ஏழாம் ஆண்டில், எங்களிடம் வந்த நாளில், 99 கிலோ, பிஎம்ஐ 37.7.

இழந்தது 46 கிலோ, திரும்பியது 21 கிலோ. அதாவது இழந்ததில் ஏறக்குறைய 46 சதவீதம் திரும்பிவிட்டது. எவ்வளவு திரும்பினால் "எடை மீண்டுவிட்டது" என்று சொல்வது என்பதற்கு ஒரே அளவுகோல் கிடையாது. மிகக் குறைந்த எடைக்கு மேல் 10 கிலோ என்பார்கள் சிலர், பிஎம்ஐ 5 கூடினால் என்பார்கள் வேறு சிலர், இழந்ததில் 25 சதவீதம் என்றும் ஒரு கணக்கு உண்டு. பைபாஸ் செய்துகொண்ட சுமார் 1,400 பேரைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று இந்த அளவுகோல்களை ஒப்பிட்டது. இழந்த எடையில் எத்தனை சதவீதம் திரும்பியது என்ற கணக்குதான் சர்க்கரை, இரத்த அழுத்தம், வாழ்க்கைத் தரம் ஆகியவற்றோடு நன்றாக ஒத்துப்போனது. நாங்களும் அதையே பின்பற்றுகிறோம். இவருடைய விஷயத்தில் எந்த அளவுகோலை எடுத்தாலும் பதில் ஒன்றுதான்.

கொஞ்சம் எடை திரும்புவது இயல்பு. கீழே போன எடையை மேலே இழுக்க உடல் ஓயாமல் முயல்கிறது: பசி கூடுகிறது, பசியை அடக்கும் லெப்டின் ஹார்மோன் குறைகிறது, ஓய்வில் செலவாகும் ஆற்றல் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகிறது. பைபாஸ் இந்த இழுப்பை நன்றாகவே தடுக்கிறது. ஆனால் முழுவதும் தடுப்பதில்லை. இவரோ மூன்று ஆண்டாக எடை விஷயமாக எந்த மருத்துவரிடமும் போகவில்லை. "ஏறிட்டேன்னு சொல்லிக்கிட்டு எப்படிப் போறது?" என்றார். எடை ஏற ஏறத்தான் வருகைகள் குறைகின்றன. தொடர்ந்து வருகிறவர்கள் பெரும்பாலும் நன்றாக இருப்பவர்கள். அதனால், அறுவை சிகிச்சை செய்யும் இடங்களில் பின்தொடர்வின் கணக்கு உண்மையைவிட அழகாகத் தெரிகிறது என்பது என் சந்தேகம்.

மருந்துச் சீட்டுக்கு முன்

83இலிருந்து 99 வரை போன 16 கிலோ முக்கியமான தடயம். முதல் 5 கிலோ ஏற இரண்டரை ஆண்டு ஆனது. அடுத்த 16 கிலோவுக்கு மூன்று ஆண்டு. நடுவில் என்ன நடந்தது?

குடும்பத்தில் ஒரு இழப்பு, அதையொட்டித் தூக்கமின்மை, மனச்சோர்வு. அப்போது யாரோ தொடங்கிய மிர்டசபின் 15 மி.கி. இன்னும் போய்க்கொண்டிருந்தது. பசியையும் எடையையும் கூட்டுவதில் பேர்போன மருந்து அது. என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது அவர் இதைச் சொல்லவில்லை, ஏனென்றால் அவரைப் பொறுத்தவரை அது "தூக்க மாத்திரை". எடை திரும்பி வருகிறவர்களிடம் ஸ்டீராய்டு, இன்சுலின், சல்ஃபோனைல்யூரியா வகை சர்க்கரை மாத்திரைகள், ஓலன்சபின், வால்புரோயேட், மிர்டசபின், பராக்செட்டின் ஆகியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுவரச் சொல்வது இன்னும் நல்லது.

இரண்டாவது தடயம் சாப்பிடும் முறையில் இருந்தது. தட்டில் வைத்துச் சாப்பிடுவது குறைவு. நாள் முழுக்கக் கொறிப்பது அதிகம். இதற்கு மன உறுதி போதாது என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டிருந்தார். ஆனால் விசாரித்தால் வேறு ஒன்று தெரிந்தது. சாப்பிட்டு இரண்டு மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை, படபடப்பு. இனிப்பு ஏதாவது வாயில் போட்டால் அடங்கும். இன்னும் இரண்டு மணி நேரத்தில் அதே கதை. தொடர் சர்க்கரைக் கண்காணிப்புக் கருவியை இரண்டு வாரம் கையில் ஒட்டிப் பார்த்தோம். சாப்பிட்டதும் 200க்கு மேல் ஏறிய சர்க்கரை, இரண்டு மணி நேரத்தில் 52 வரை விழுந்த நாட்கள் பல. பைபாஸுக்குப் பின் உணவு சிறுகுடலுக்குள் வேகமாக இறங்குவதால் ஜிஎல்பி-1 உள்ளிட்ட குடல் ஹார்மோன்கள் திடீரென்று பொங்கும், இன்சுலின் தேவைக்கு மேல் சுரக்கும், சர்க்கரை அடிமட்டத்துக்குப் போகும். அவர் கொறித்ததில் ஒரு பகுதி, தாழ்ந்த சர்க்கரைக்கு அவர் தனக்குத்தானே செய்துகொண்ட சிகிச்சை. அந்தச் சிகிச்சையே அடுத்த தாழ்வுக்கும் வழி செய்தது.

இரத்தப் பரிசோதனை எதிர்பார்த்தபடியே மோசம். வைட்டமின், இரும்பு மாத்திரைகளை எப்போதோ நிறுத்தியிருந்தார். ஹீமோகுளோபின் 10.2, ஃபெரிட்டின் (உடலின் இரும்பு இருப்பு) 6, பி12 குறைவு, வைட்டமின் டி 14, பாராதைராய்டு ஹார்மோன் உயர்வு. தைராய்டு சரியாக இருந்தது. இரத்த அழுத்தம் 144/90. எச்பிஏ1சி, அதாவது சுமார் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எண், 6.8. சர்க்கரை நோய் திரும்பிவிட்டது என்று எழுதத் தோன்றும் எண் அது. ஆனால் இரும்புச்சத்துக் குறைவு எச்பிஏ1சியைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும், வெறும் வயிற்றில் சர்க்கரை 112தான். இரும்பை நரம்பு வழி ஏற்றி இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது 6.2. ஆக, அது முழுச் சர்க்கரை நோய் அல்ல, அதன் வாசல்.

எண்டோஸ்கோப்பியில் பை பெரிதாகவில்லை, பழைய வயிற்றோடு கள்ள வழி ஏதும் உருவாகவில்லை, புண்ணும் இல்லை. பையும் சிறுகுடலும் சேரும் வாய் லேசாக விரிந்திருந்தது, தையல் போட்டுச் சுருக்க வேண்டிய அளவுக்கு அல்ல. இதனால் மறு அறுவை சிகிச்சை என்ற கேள்வி அங்கேயே அடங்கியது. உடற்கூறில் சரிசெய்யக் கூடிய கோளாறு இல்லாமல் இரண்டாவது முறை கத்தி வைப்பதை நான் விரும்புவதில்லை. முதல் அறுவையைவிடச் சிக்கல்கள் அதிகம். அதிலும் குடல் இணைப்பை இன்னும் கீழே தள்ளி உறிஞ்சுதலைக் குறைக்கும் முறையில், எடை இறங்கினாலும் புரதக் குறைபாட்டில் போய் நிற்கிறவர்கள் உண்டு.

மதுப்பழக்கம் இருக்கிறதா என்றும் கேட்டோம், இல்லை. சங்கடமான கேள்விதான், ஆனாலும் விடக் கூடாது. பைபாஸுக்குப் பின் மது வேகமாக இரத்தத்தில் ஏறுகிறது, அறுவைக்குப் பிறகு புதிதாக அந்தப் பழக்கத்தில் சிக்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

மனநல மருத்துவரோடு பேசி மிர்டசபினைப் படிப்படியாகக் குறைத்து, எடையை அவ்வளவாகத் தொடாத வேறு மருந்துக்கு மாற்றினோம். ஒவ்வொரு வேளையும் புரதத்தில் தொடங்குவது, இனிப்பைத் தனியாகச் சாப்பிடாமல் இருப்பது, தண்ணீரைச் சாப்பாட்டோடு குடிக்காமல் இடைவெளி விடுவது என்று உணவியல் நிபுணர் வழி சொன்னார். நடுக்கம் வெகுவாகக் குறைந்தது. ஏழு வாரத்தில் எடை 96.4. ஊசி இன்னும் தொடங்கவில்லை.

எந்த மருந்து, ஏன்

பேரியாட்ரிக் (எடைக் குறைப்பு) அறுவை செய்துகொண்டவருக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு எடை குறைக்கும் என்பதற்கு முன், மாற்றியமைத்த குடலில் அது என்ன செய்யும் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஆர்லிஸ்டாட்டை உடனே ஒதுக்கினோம். கொழுப்பு உறிஞ்சுவதைத் தடுக்கும் மருந்து, ஏற்கெனவே வைட்டமின் டி 14இல் இருக்கிறவருக்கு. போதாததற்கு, பைபாஸுக்குப் பின் சிறுநீரில் ஆக்சலேட் கூடிக் கல் உருவாகும் போக்கு உண்டு, ஆர்லிஸ்டாட் அதையும் தூண்டும். டோபிரமேட்டிலும் கல் அபாயம் உண்டு, நினைவாற்றலிலும் மந்தம் வரும், கர்ப்பத்தில் கருவைப் பாதிக்கும். ஃபென்டர்மின் 144/90 அழுத்தத்துக்கு ஒத்துவராது. நால்ட்ரெக்சோன்-புப்ரோபியான் மெதுவாகக் கரையும் மாத்திரை. குறுக்கப்பட்ட குடல் வழியில் அது எவ்வளவு உள்ளே போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, இரத்த அழுத்தத்தையும் கூட்டலாம். இவற்றில் எதுவும் உதவாது என்று சொல்லவில்லை. அறுவைக்குப் பின் எடைக் குறைப்பு மருந்து பெற்ற 319 பேரின் கோப்புகளை அலசி 2017இல் வந்த ஆய்வில், பாதிக்கு மேற்பட்டவர்கள் 5 சதவீதமோ அதற்கு மேலோ இழந்தார்கள். அப்போது கையில் இருந்தவை பெரும்பாலும் பழைய மருந்துகள்தாம். அவற்றில் டோபிரமேட் தனித்து நின்றது.

மீதி இருப்பவை, அந்தக் குடல் ஹார்மோனைப் போலவே செயல்பட்டுப் பசியைக் குறைக்கும் ஜிஎல்பி-1 வகை ஊசிகள். தோலுக்கடியில் போவதால் குடல் எப்படி மாறியிருந்தாலும் கவலை இல்லை. அதே செமாக்ளூடைட் மாத்திரையாகவும் இருக்கிறதே என்று கேட்பார்கள். அந்த மாத்திரை வயிற்றுச் சுவரின் வழியாக உறிஞ்சப்படும்படி அமைக்கப்பட்டது. பைபாஸ் செய்தவரிடம் அதற்கு ஒரு சிறு பைதான் இருக்கிறது. இவருக்கு அதை நான் எழுதமாட்டேன்.

பைபாஸ் செய்தவருக்கு ஜிஎல்பி-1 ஏற்கெனவே பொங்குகிறதே, மேலும் எதற்கு என்ற கேள்வி நியாயமானது. உடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 சில நிமிடங்களில் சிதைந்துவிடும், சாப்பாட்டை ஒட்டி வந்துபோகும். செமாக்ளூடைடின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மூளையின் பசி மையங்களுக்கு அது இடைவிடாமல் எட்டிக்கொண்டே இருக்கிறது. தவிர, எல்லோருக்கும் அறுவைக்குப் பின் அந்த ஹார்மோன் நன்றாகச் சுரப்பதும் இல்லை. 2023இல் வெளியான லண்டன் ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பின் எடை சரியாகக் குறையாத, உணவுக்குப் பின் ஜிஎல்பி-1 போதுமான அளவு உயராத 70 பேரை எடுத்துக்கொண்டது. அதே வகை ஊசியான லிராக்ளூடைட் 3 மி.கி. தினமும் போட்டவர்கள் 24 வாரத்தில் சராசரியாக 8.8 சதவீதம் இழந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, மருந்தே இல்லாத போலி மருந்து பெற்றவர்கள் 0.5 சதவீதம். 2019இல் வந்த இன்னொரு ஆய்வில், அறுவைக்குப் பிறகும் சர்க்கரை நோய் நீடித்த 80 பேருக்கு லிராக்ளூடைட் 1.8 மி.கி. கொடுத்தபோது, 26 வாரத்தில் போலி மருந்தைவிட எடை 4 கிலோவுக்குச் சற்று அதிகமாகவே குறைந்தது.

செமாக்ளூடைட், அதைவிடப் புதிய ஊசியான டிர்செபடைட் இரண்டின் பெரிய எண்கள் எல்லோருக்கும் தெரியும்: முன்னதில் 68 வாரத்தில் சுமார் 15 சதவீத எடை இழப்பு, பின்னதில் 72 வாரத்தில் மிக உயர்ந்த அளவில் சுமார் 21 சதவீதம். ஆனால் அந்தப் பெரிய ஆய்வுகள் பேரியாட்ரிக் அறுவை செய்தவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அந்த எண்களை அப்படியே இவர் மேல் ஒட்ட முடியாது.

மருந்து அவருடைய தாழ்சர்க்கரையைக் கூட்டுமோ என்ற கவலையும் இருந்தது. பைபாஸுக்குப் பின் வரும் தாழ்சர்க்கரைக்கு ஜிஎல்பி-1ஐத் தடுக்கும் மருந்தும் சோதிக்கப்படுகிறது. ஜிஎல்பி-1 போலச் செயல்படும் மருந்து ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துவதாகச் சிறிய அறிக்கைகளும் இருக்கின்றன. இரண்டும் எதிரெதிர். அதனால்தான் உணவு முறையில் நடுக்கம் அடங்கும் வரை காத்திருந்தோம், ஊசி தொடங்கிய முதல் மாதமும் கண்காணிப்புக் கருவியைக் கழற்றவில்லை.

வாரம் ஒருமுறை போட்டால் போதும் என்பதால் செமாக்ளூடைட் என்று முடிவானது. குடும்பத்தில் மெடுல்லரி வகை தைராய்டு புற்றுநோய் இல்லை, கணைய அழற்சி வந்ததில்லை, பைபாஸ் முடிந்த மறு ஆண்டே பித்தப்பை எடுக்கப்பட்டுவிட்டது. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால் கருத்தடை பற்றிப் பேசினோம். கருத்தரிக்க நினைத்தால் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

போன வழி

0.25 மி.கி. நான்கு வாரம், 0.5 மி.கி. நான்கு வாரம், பிறகு 1 மி.கி. பெரிய தொல்லை ஏதும் இல்லை. மனதுக்குள் எப்போதும் ஓடும் சாப்பாட்டு நினைப்பு அடங்கியதாகச் சொன்னார். 1 மி.கி. முடியும்போது 89 கிலோ. சர்க்கரை 65க்குக் கீழே போகவில்லை.

1.7 மி.கி.க்கு ஏற்றியதும் நிலைமை மாறியது. குமட்டல், தினமும் வாந்தி. அவர் கூப்பிடவில்லை. எடை வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது, வாந்தி மருந்து வேலை செய்வதன் அடையாளம் என்று எடுத்துக்கொண்டார். வைட்டமின் மாத்திரைகளும் வெளியே வந்துகொண்டிருந்ததால் அவற்றையும் விட்டுவிட்டார். மூன்றாவது வாரத்தில் பாதங்களில் எரிச்சலும் மரத்த உணர்வும், எழுந்தால் தள்ளாட்டம். அப்போதுதான் வந்தார். 85.8 கிலோ. நாள் முழுக்க உள்ளே போன புரதம் 25 கிராம் தேறாது.

இந்த ஆய்வில் மற்ற எதை மறந்தாலும் இந்த இடத்தை மறக்கக் கூடாது. உடலில் தயமின் (வைட்டமின் பி1) இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. பைபாஸ் செய்தவர் சரியாகச் சாப்பிடாமல் வாந்தியும் எடுத்தால், அது நரம்பையும் மூளையையும் தாக்கும் நிலைக்கு வேகமாகப் போகலாம். தாமதித்தால் நினைவிழப்பு நிரந்தரமாகவும் தங்கிவிடலாம். கண் அசைவு சரியாக இருந்தது, குழப்பம் இல்லை. இரத்த அளவு தெரியும் வரை காத்திருக்காமல் தயமினை நரம்பு வழி ஏற்றினோம், அதன் பிறகுதான் குளுக்கோஸ் கலந்த திரவம். வரிசை மாறினால், இருக்கிற கொஞ்சத் தயமினும் குளுக்கோஸோடு செலவாகி நிலை மோசமாகும். ஊசியை நிறுத்தினோம். தள்ளாட்டம் சில நாளில் போனது, பாத எரிச்சல் முழுதாக மறைய இரண்டு மாதம் ஆனது.

பிறகு 0.5இலிருந்து மறுபடி தொடங்கி, 1 மி.கி.யில் நின்றோம். 2.4 வரை போகவில்லை. பெரிய ஆய்வுகளில் அதுதானே இலக்கு என்று அவரும் கேட்டார். அந்த இலக்கு முழு வயிறு உள்ளவர்களுக்கு வகுத்தது. நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாத புரதமும் மாத்திரைகளும் தண்ணீரும் உள்ளே போகிற அளவுக்குப் பசியை விட்டுவைக்கும் மருந்தளவே இவருக்கு உச்ச அளவு. என் கருத்தில், அறுவை செய்தவர்களிடம் பசி குறைந்ததா என்று மட்டும் கேட்டு அளவை ஏற்றுவது பாதி விசாரணை. நேற்று என்ன உள்ளே போனது என்று ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

ஊசி தொடங்கி ஓராண்டில் 83 கிலோ. திரும்பி வந்த 21 கிலோவில் 16 போயிருந்தது. எச்பிஏ1சி 5.6, இரத்த அழுத்தம் மாத்திரையின்றி 126/80, ஹீமோகுளோபின் 12.4.

இதில் மருந்துக்கு எவ்வளவு பங்கு? முதல் 2.6 கிலோ ஊசிக்கு முன்பே இறங்கியது. மிர்டசபினை நிறுத்தியதன் பலன் அதற்குப் பிறகும் தொடர்ந்திருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரே ஒருவரின் கதையால் முடியாது. எங்கள் ஊகம், பெரும்பகுதி ஊசியினுடையது. அதற்கு ஆதாரம் பின்னால் தானாகவே வந்தது. மருந்து கிடைக்காமல் இரண்டு மாதம் விட்டுப்போனபோது 4 கிலோ ஏறியது. பசி இரண்டாவது வாரத்திலேயே திரும்பிவிட்டதாகச் சொன்னார். செமாக்ளூடைடை இருபதாவது வாரத்தில் போலி மருந்துக்கு மாற்றிப் பார்த்த ஆய்விலும் இதுதான் நடந்தது: மாற்றப்பட்டவர்களுக்கு அடுத்த 48 வாரத்தில் சுமார் 7 சதவீதம் கூடியது, தொடர்ந்தவர்களுக்கு ஏறக்குறைய 8 சதவீதம் மேலும் குறைந்தது. இடைவெளிக்குப் பின் 1 மி.கி.யில் நேராகத் தொடங்காமல் 0.25இலிருந்து மறுபடி ஏறினோம்.

தசை இழப்பு எங்களுக்கு இன்னும் உறுத்தலாக இருக்கிறது. செமாக்ளூடைடின் பெரிய ஆய்வில் உடலில் கொழுப்பும் தசையும் எவ்வளவு என்று அளக்கப்பட்டவர்களிடம், இழந்த எடையில் கிட்டத்தட்ட 40 சதவீதம் கொழுப்பல்லாத திசுவாக இருந்தது. இவர் ஏற்கெனவே ஒருமுறை 46 கிலோ இழந்தவர். அப்போது போன தசை திரும்பிய எடையில் முழுதாகத் திரும்பியிருக்காது. பைபாஸால் கால்சியமும் குறைவாக உள்ளே போகிறது. அதனால் வாரம் மூன்று நாள் எடை தூக்கும் பயிற்சி, கால்சியம் சிட்ரேட், எலும்பு அடர்த்தி ஸ்கேன் எல்லாமே சிகிச்சைத் திட்டத்தில் இருக்கின்றன. கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழும் சோதனையில் அவர் முன்பைவிட நன்றாகச் செய்கிறார், இடுப்பெலும்பு அடர்த்தி மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

இன்னொரு விஷயம் காலம் பற்றியது. மேலே சொன்ன 2017 ஆய்வில், எடை ஏறிய பிறகு மருந்து பெற்றவர்களைவிட, எடை இறங்குவது நின்றபோதே பெற்றவர்கள் மொத்தத்தில் அதிகம் இழந்திருந்தார்கள். பழைய கோப்புகளை அலசிய ஆய்வு என்பதால் அதை இறுதித் தீர்ப்பாக எடுக்க முடியாது. ஆனால் இவர் 83 கிலோவில், நான்காம் ஆண்டில் வந்திருந்தால் எங்கள் வேலை எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இப்போது எங்களிடம் பைபாஸோ, வயிற்றின் பெரும்பகுதியை வெட்டியெடுக்கும் ஸ்லீவ் அறுவையோ செய்துகொண்டு வருகிறவர்களிடம், 5 கிலோ ஏறினாலே வாருங்கள், எவ்வளவு ஏறியிருந்தாலும் வாருங்கள் என்று முதல் ஆண்டிலேயே சொல்லிவிடுகிறோம்.

தற்போது அவர் 84 கிலோ, வாரம் 1 மி.கி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இரத்தப் பரிசோதனை. இரண்டு நாளுக்கு மேல் வாந்தி நீடித்தால் அடுத்த ஊசியைப் போடாமல் எங்களைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். மூட்டு அறுவை சிகிச்சை ஒன்று பேச்சில் இருக்கிறது. அதற்கு மயக்க மருந்து கொடுக்கும் குழுவிடம் இந்த ஊசியைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும், வலிக்குப் புரூஃபென் வகை மாத்திரைகளைத் தவிர்க்க வேண்டும், ஏனென்றால் பைபாஸ் இணைப்பில் அவை புண் உண்டாக்கும். டிர்செபடைடுக்கு மாற்றலாமா என்று போன முறை கேட்டார். சாப்பிட்ட புரதக் கணக்கையும் எலும்பு ஸ்கேனையும் பார்த்துவிட்டு, இப்போதைக்கு வேண்டாம் என்றோம்.